பொட்டு வைத்த பெட்டி

அந்தச் சிவப்பு முக்கோணத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று அதன் கீழே எழுதியிருந்தது. இந்த ஓசூரில் எனக்கு எதுதான் பாதுகாப்பாக இருந்திருக்கிறது, இது ஒன்றுதான் குறைச்சலா என்று நினைத்துக்கொண்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே முக்கோணம். அதற்கடுத்த தடவை தட்டும்போது சிரிப்பு போய்விட்டது.

"என்னங்க, இது தொறக்க மாட்டேங்குது."

பூஜை மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நெட்டு ஸ்லோவா இருக்கும். பொறுமையா அமுக்கு. நல்ல நேரம் இன்னும் இருக்குது."

நல்ல நேரம்! அந்த வார்த்தையை இப்போது யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு நானும் அந்த நல்ல நேரத்துக்காகத்தான் தலைக்குக் குளித்து, பூ வைத்து, கைபேசியைக்கூட மஞ்சள் துணியால் துடைத்துக் கையில் எடுத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பழியை முழுக்க அவர் தலையில் கட்டினால் அது நியாயமாகாது.

நான் பொற்கொடி. மணப்பாறைப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். அவர் பெயர் மூர்த்தி, ஊத்தங்கரைக்காரர். அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன், அவரும் கான்ட்ராக்ட்தான். பதினோரு மாதம் முடிந்தால் எங்களைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்திவிட்டு, புதிதாக வந்தவர்களைச் சேர்ப்பதுபோல மறுபடி சேர்ப்பார்கள். என் கையைப் பார்த்தாலே தெரியும், நான் எத்தனை வருடமாகப் புதிதாகச் சேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று.

கான்ட்ராக்டில் இருக்கிற பெண்ணுக்குக் குழந்தை உண்டானால் யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல மாட்டார்கள். சூப்பர்வைசர்கூட உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுப்பார். பதினோரு மாதம் முடிந்ததும் மறுபடி கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். என் கண்ணெதிரே எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். இவர் சம்பளத்தில் வாடகை போக இரண்டு பேர் சாப்பிடுவதே இழுபறி. அதனால் நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம், எனக்கு நிரந்தரம் ஆகட்டும், பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று. ஊத்தங்கரையில் என் மாமியார் எனக்காக வேண்டாத கோயில் கிடையாது. போகிற போதெல்லாம் என் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. குறை என்னிடம் என்றே அந்த ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இந்த வருடம் என் பெயர் வந்தது. நிரந்தரம் ஆவதற்கான வயது வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தேன், அடுத்த வருடம் தாண்டிவிடும். எங்கள் லைனில் எனக்கும் ஜெயமணிக்கும் மட்டும் வந்திருந்தது. கைபேசிக்கு ஒரு லிங்க் வரும், அதைத் திறந்து, கம்பெனி நம்பரைப் போட்டு, 'ஏற்கிறேன்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். ஆயுத பூஜை அன்று மாலை ஆறு மணி வரைக்கும் நேரம். அதற்குள் அமுக்காவிட்டால் வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும்.

ஜெயமணி என்ன செய்தாள் தெரியுமா? கேன்டீனில் ஒரு கையில் சாம்பார் கிண்ணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, "முடிஞ்சுதுடி" என்று சோற்றில் கையை வைத்துவிட்டாள். அன்றைக்கு அஷ்டமி. "அஷ்டமியில யாராவது நல்ல காரியம் பண்ணுவாங்களா?" என்று நான் அவளைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், இவர் நாள்காட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுத பூஜை அன்று மாலை நல்ல நேரத்தில், விளக்கேற்றி வைத்துவிட்டு அமுக்கலாம் என்று முடிவானது. காலையில் அவருக்குக் கம்பெனி பூஜை இருந்தது. இத்தனை வருடம் காத்திருந்தது நடக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

இப்போது அந்த நல்ல நேரத்தில்தான் நான் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் எழுந்து வந்து என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். தன் கைபேசியில் திறந்து பார்த்தார். அதிலும் அதேதான். அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றி ஊதி மறுபடி போட்டார். வாசலுக்குப் போனார், மாடிக்குப் போனார், வீட்டு ஓனர் திம்மப்பனிடம் கேட்டு அவர் வீட்டு வைஃபையில் போட்டுப் பார்த்தார். திம்மப்பன் வேறு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வைரஸ் இருக்கும்மா, தொடாத" என்று பயமுறுத்திவிட்டுப் போனார். கடைசியில் இவர் மாடத்திலிருந்து விபூதியை எடுத்துக் கைபேசியின் முதுகில் பூசினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீங்க எலக்ட்ரீஷியன்தானே? விபூதி பூசினா கரண்டு வருமா?"

"வேற என்னா பண்ணச் சொல்ற?"

"கோபி கடைக்கு வண்டிய எடுங்க."

கோபி எங்கள் தெரு முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற பையன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் செவ்வந்தி போட்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பூஜை போட்டதை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கிற வரைக்கும் தொடக் கூடாது, அதுதானே வழக்கம்.

"பயப்படாதீங்கக்கா. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நான் பொட்டு வைக்க மாட்டேன். வருஷா வருஷம் இந்த நாள்லதான் யாராச்சும் அழுதுக்கிட்டே ஓடி வர்றாங்க" என்று மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினான்.

அந்தப் பையனின் புத்தி ஊரில் ஒருத்தருக்கும் இல்லை.

லிங்கைப் போட்டான். முக்கோணம் வந்தது. கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். நேரம் தப்பாக இருந்தால் இப்படி வருமாம். சரியாகத்தான் இருந்தது. பழைய குப்பையை எல்லாம் அழித்தான், வேறு பிரவுசரில் திறந்தான், தன் கைபேசி நெட்டை இணைத்துப் பார்த்தான். பிறகு அந்த எச்சரிக்கையின் ஓரத்தில் எதையோ தட்டி, சின்ன எழுத்தில் வந்ததைப் படித்துவிட்டு, "அய்யோ தேவுடா" என்றான்.

"என்னடா?"

"தப்பு நம்ம பக்கம் இல்லக்கா. உங்க கம்பெனி சைட்டோட சர்டிஃபிகேட்டு நேத்து ராத்திரியோட முடிஞ்சுபோச்சு. ஐடி கார்டு மாதிரி வச்சுக்கங்க. காலாவதியான கார்டு போட்டுக்கிட்டு வந்தா கேட்டுல செக்யூரிட்டி உள்ள வுடுவாரா? அதே மாதிரிதான், நம்ம கம்ப்யூட்டரு உங்க கம்பெனிய உள்ள வுட மாட்டேங்குது."

"அப்ப நம்ம என்ன பண்ணணும்?"

"நம்ம என்ன பண்ணாலும் ஆகாது. அவங்கதான் புதுசு போடணும்."

எனக்குப் புரியவே இல்லை. அதாவது, புரிந்தது, மனசு ஏற்கவில்லை. தப்பு அவர்கள் பக்கம், ஆறு மணிக் கெடு மட்டும் என் பக்கமா?

"மத்த சைட்டுல எல்லாம் 'பரவாயில்ல, போ'ன்னு கீழ ஒரு வரி வருமே, நீகூட அமுக்குவியே" என்றேன். அரசாங்க வேலைகளுக்கு இவனிடம் வரும்போது பார்த்திருக்கிறேன், அந்த வரியை யோசிக்காமல் அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

"இதுல அந்த வரியே இல்லக்கா. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா செட் பண்ணி வச்சிருக்காங்க."

கம்பெனி உதவி எண்ணுக்குப் போட்டால், விடுமுறை நாள், வேலை நாளில் அழைக்கவும் என்று ஒரு பெண் குழைந்து குழைந்து சொன்னாள். அப்புறம்தான் இவருக்கு ஞாபகம் வந்தது, ஐ.டி.யைப் பார்த்துக்கொள்கிற ராஜேஷ்குமார் சாரின் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்று. பெங்களூரு ஆபீஸில் இருக்கிறவர், ஓசூர் பிளான்ட்டில் ஏதாவது கேபிள் பார்க்க வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிடுவார். பூஜைக்காக, ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊரில் இருக்கிற மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாராம். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மூர்த்தியா? நல்ல வேளை நீங்களே கூப்டீங்க. பேனல் ரூம்ல ஒரு பழைய பெட்டி இருக்குது பாருங்க, கீழ் ரேக்குல. அதுக்கு கரண்ட் இருக்குதா? நேத்து சாயங்காலத்துல இருந்து எனக்கு அது கெடைக்கவே இல்ல. அது வழியாத்தான் நான் சர்டிஃபிகேட் மாத்தணும். கரண்ட் கட்டுன்னு நெனச்சேன், லீவு நாள்ல யாரு பாக்கப்போறாங்கன்னு வுட்டுட்டேன்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போன முகம்.

"மூர்த்தி? லைன்ல இருக்கீங்களா? யாராச்சும் ஆஃப் பண்ணிட்டாங்களா?"

"யாரோ... பண்ணியிருப்பாங்க சார். போயி பாக்கறேன் சார்."

போனை வைத்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கேட்கவே தேவையில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் கரண்ட் போர்டுகள் இருக்கிற அந்தப் பேனல் ரூமுக்குப் பூஜை போட்டவர் ராமப்பன் என்ற பழைய எலக்ட்ரீஷியன். அவர் அந்தப் பெட்டியை ஓடவிட்டே பொட்டு வைப்பாராம். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு இந்த வருடம்தான் முதன்முதலாக இவர் கையில் பூஜை வந்தது. ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு, இந்தத் தடவை ஒரு குறை வைக்க மாட்டேன் என்று. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது, அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று, முந்தின நாள் சாயங்காலமே சுவிட்சை அணைத்து, துடைத்து, சந்தனம் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பக்தியோடு அணைத்திருக்கிறார் மகராசன்!

"நீங்கதானா?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும் கொடி? பழைய பெட்டி, சும்மா கெடக்குதுன்னு நெனச்சேன்."

கோபி எங்களைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்.

"வண்டிய எடுங்க. போயி ஆன் பண்ணுங்க."

இவர் நகரவில்லை. "பூஜை போட்டாச்சு கொடி. நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டித்தான் தொடணும். செல்வத்த மறந்துட்டியா?"

செல்வத்தை எப்படி மறப்பேன்? அவசர ஆர்டர் என்று முன்பு ஒரு பூஜை நாள் சாயங்காலம், பொட்டு வைத்த பிரஸ் மெஷினில் அவனை ஓட்டச் சொன்னார்கள். விரல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு அவனைக் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார வைத்திருக்கிறார்கள். அன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் இவரும் ஒருத்தர். இரத்தத்தோடு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக் கிடந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

"அது பிரஸ்ஸு, இது கம்ப்யூட்டர் பெட்டி! விரல வெட்டுமா இது? சாமி குத்தம்னா என் தலையில விழட்டும். எனக்கு இந்த ஒரு தடவதான் இருக்குது, அடுத்த வருஷம் எனக்கு வயசு போயிடும், உங்களுக்குத் தெரியாதா? உங்க அம்மா என் வயித்தப் பாக்குறப்ப நீங்க எங்க பாப்பீங்க? செவுத்தப் பாப்பீங்க. இன்னிக்காவது என்னைப் பாருங்க!"

கடையில் வைத்துக் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இல்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

சிப்காட் ரோடு முழுக்க அன்று கல்யாண வீடுதான். லாரிக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். உடைத்த பூசணிக்காய் நடுரோட்டில் கிடந்தது, வண்டி வழுக்கி நான் விழப் பார்த்தேன். கர்நாடகாவுக்குப் போகிற கார்களெல்லாம் விடுமுறைக் கூட்டமாக வரிசையில் நின்றன. இவர் சந்து சந்தாக ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து நான் கைபேசியைத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே முக்கோணம். தட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

கேட்டில் செல்வம்தான் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், நன்றாக இருந்த கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்தான்.

"மூர்த்தி, பொட்டு வச்சாச்சேடா."

இவர் தலை குனிந்துகொண்டார். நான் முன்னால் போனேன். "அண்ணே, உங்களுக்குக் கை போனதுக்குக் கம்பெனி காரணம், சாமி இல்ல. வழிய விடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவன் கோபப்படவில்லை. "போம்மா" என்று கேட்டைத் திறந்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நேரம் இல்லை என்று ஓடிவிட்டேன்.

பேனல் ரூமில் ஊதுவத்தி வாசனை இன்னும் நின்றிருந்தது. கீழ் ரேக்கில் அந்தப் பெட்டி. இதுவா என் தலையெழுத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்று இருந்தது, அவ்வளவு பழசு. மேலே சந்தனத்தில் மூன்று கோடு, நடுவில் குங்குமம், செவ்வந்தி மாலை, பக்கத்தில் பொரியும் வாழைப்பழமும். மற்ற எதையும்விட அதற்கு அழகாக வைத்திருந்தார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு சுவிட்சைப் போட்டார்.

பெட்டி உறுமியது. பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜேஷ்குமார் சாரைக் கூப்பிட்டோம்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. இருங்க, போட்டுடறேன்" என்றார். பின்னாலிருந்து யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், தெலுங்கில். "ஒஸ்தானு", வருகிறேன் என்று அவர் அங்கே கத்தினார், இங்கே தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "ம்... போட்டாச்சு. இப்பப் பாருங்க."

தட்டினேன். முக்கோணம்.

"சார், அதே வருது சார்."

"இருக்காதே. அப்படியே வெளிய வந்து மறுபடி பாருங்க."

பார்த்தேன். கோபிக்குப் போன் போட்டு அவனையும் பார்க்கச் சொன்னேன். "புது சர்டிஃபிகேட்டு வந்திருக்குதுக்கா" என்றான். எனக்கு உயிர் வந்தது. "ஆனா அதுல தேதி ரொம்பப் பழசா இருக்குது. நீங்க ஓசூருக்கே வந்திருக்க மாட்டீங்க, அந்த வருஷத்துத் தேதி. போட்டதே காலாவதியான கார்டுதான்."

விஷயம் இதுதான். அந்தப் பெட்டிக்குள் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்குமாம், கைக்கடிகாரத்துக்குப் போடுவதுபோல. அது எப்போதோ செத்துவிட்டிருந்தது. ராமப்பன் காலத்தில் பெட்டியை அணைத்ததே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இவர் அணைத்தபோது அதற்கு இன்றைய தேதி மறந்துபோய்விட்டது. எழுந்ததும் தனக்குத் தெரிந்த ஏதோ பழைய வருடத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தேதியைப் பார்க்காமலே ராஜேஷ்குமார் சார் புதுசு போட்டுவிட்டார்.

"அய்யய்யோ" என்றார் அவர். "தேதிய மாத்திட்டு முதல்ல இருந்து போடணும். கொஞ்சம் டைம் எடுக்கும்."

"ஆறு மணிக்கு மூடிடுவாங்க சார்!" என்று போனில் கத்தினேன். "என் வாழ்க்கை சார்!"

"பண்றேன்மா, பண்றேன். நான் மட்டும் என்ன சும்மாவா இருக்கேன்?"

அவர் தட்டச்சு செய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இவர் பெட்டியின் முன்னால் மண்டியிட்டபடியே இருந்தார். சுவர்க் கடிகாரத்துக்கும் சந்தனம் வைத்திருந்தார், அதை நிறுத்தவில்லை போலிருக்கிறது, முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைப் பார்க்கக் கூடாது என்று திரும்பி நின்றுகொண்டேன். கட்டைவிரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு தட்டலில் முக்கோணம் வரவில்லை. வெள்ளைப் பக்கம் வந்தது, கம்பெனி முத்திரை வந்தது, என் நம்பரைக் கேட்டது. போட்டேன். விரல் வழுக்கி ஒரு தடவை தப்பாகப் போட்டு மறுபடி போட்டேன். வட்டம் சுற்றியது. பிறகு அழகான தமிழில் எழுத்து வந்தது. 'அன்புள்ள பொற்கொடி, நிரந்தரப் பணி வாய்ப்பை ஏற்க வேண்டாம் என்ற தங்கள் முடிவை மதிக்கிறோம்.'

ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. நான் அந்த எழுத்தை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, மறுபடி அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் பொரியும் சுண்டலும் கிண்ணத்தில் அப்படியே இருந்தன. 'நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்' என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவர் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து வேலைக்குக் கிளம்பும்போதுகூட, "டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கேட்டார்.

அன்றைக்கு எச்.ஆர். ராஜலட்சுமி மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் கிடையாது. எங்களை உட்காரச் சொல்லிப் பேசுகிற ஒரே ஆபீசர் அவர்தான். கண்ணாடி அறை. வெளியே வராந்தாவில் ஏணி போட்டு ஒருத்தர் டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தார். பார்த்தால், இவர்தான். வேலை அங்கே விழுந்ததா, அவராகக் கேட்டு வாங்கி வந்தாரா, எனக்குத் தெரியாது.

"பொற்கொடி, உங்க பேர்தான் முதல்ல இருந்துச்சு. வேணாம்னு வந்திருக்கே. எனக்கு நம்ப முடியல" என்றார். "ராஜேஷ்குமார்கிட்ட கேட்டேன். அன்னிக்கு சைட் வேலை செய்யல, பிளான்ட் பக்கம் யாரோ மெஷின ஆஃப் பண்ணிட்டாங்கன்னு எழுதியிருக்கார். அதனாலதான் உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் மேல பேசி உங்களுக்கு மட்டும் தொறந்து வுடச் சொல்றேன். ஆனா அதுக்கு யாரு ஆஃப் பண்ணதுன்னு பேர் எழுதணும், உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. மேனேஜ்மென்ட் ரொம்பக் கோபமா இருக்காங்க. அந்த ஆள இன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பச் சொல்லிட்டாங்க."

ஏணி மேலே இவர் டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டாமல் நின்றார். கண்ணாடிக்குள் பேசுவது அவருக்குக் கேட்காது. ஆனால் என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். கடையில் வைத்துக் கத்தினேனே, இன்றைக்காவது என்னைப் பாருங்கள் என்று. அப்படிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல்தான் இருந்தது. அவர் பேரைச் சொன்னால் எனக்கு நிரந்தரம். கம்பெனி துரத்திய எலக்ட்ரீஷியனை இந்த சிப்காட்டில் வேறு எந்தக் கான்ட்ராக்டரும் சேர்க்க மாட்டான். அப்புறம் ஊத்தங்கரைதான். மானாவாரி நிலம், மழை பெய்தால் சோறு. நான் இங்கே, அவர் அங்கே. அப்புறம் எனக்கு எதற்கு இந்த வேலை? யாரோடு சேர்ந்து எதைப் பெற்றுக்கொள்வதற்கு?

இத்தனையும் யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"மெஷின் அணைஞ்சதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம்" என்றேன். "நானேதான் வேணாம்னு விட்டேன்."

மேடம் என்னையே பார்த்தார். பாவம், உண்மையிலேயே வருத்தப்பட்டார். குரலைத் தாழ்த்தி, மேஜைமேல் சாய்ந்து, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டார். "ஏம்மா? வீட்டுல குழந்தை ஏதாச்சும் பிளான் பண்றீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் முடியுது, அதையும் நான் பாத்துத்தான் போடணும்."

வெளியே டியூப் லைட் எரிந்தது. இவர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம்" என்றேன். "எங்களுக்கு அந்த எண்ணமே இல்ல."